கீழே கடை, மேலே வீடு, நடுவில் பொதுச் சமையலறை: கூட்டுக் குடியிருப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் பைபாஸ் ரோட்டிலோ கே.கே. நகரிலோ கீழே கடைகள், மேலே 24 வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு சமையலறையும் கூடமும் என்று திட்டமிடுகிறீர்களா? (மாசி வீதிப் பக்கம் இடம் பார்த்தால் முன்பணம் கொடுக்குமுன் யோசியுங்கள். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கி.மீ.க்குள் 9 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டத் தடை இருக்கிறது.) சேர்ந்து வாழ விரும்புகிறவர்கள் எல்லாவற்றையும் பொதுவாக்கிவிடுகிறார்கள். சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

பெரிய தவறு, கடைக்கும் வீட்டுக்கும் ஒரே சம்ப், ஒரே மேல்தொட்டி வைப்பது. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், வீட்டுக்கு 4 பேர் என்றால் 24 வீட்டுக்கு 12,960 லிட்டர் வேண்டும். கீழே 40 இருக்கை ஓட்டல் வந்தால் இருக்கைக்கு 70 லிட்டர் வீதம் இன்னும் 2,800 லிட்டர். கோடையில் போர் வற்றி லாரித் தண்ணீர் இறக்கும்போது யார் பங்கு எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது. தொட்டி, மோட்டார் இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். வீட்டுக்கு ஒரே குழாய் நுழையும்படி பிளம்பரிடம் முதலிலேயே சொல்லி, அதில் மீட்டர் பொருத்துங்கள். வழக்கம்போல் சமையலறைக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று என்று மேல்தொட்டியிலிருந்து தனித்தனிக் குழாய் இறக்கிவிட்டால் பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு மீட்டர் வேண்டியிருக்கும்.

கழிவுநீரும் அப்படித்தான். ஓட்டலின் எண்ணெய்க் கழிவு குழாயில் உறைந்து அடைத்தால், மேலிருந்து வரும் தண்ணீர் கீழ்த்தளத்தில் பொங்கும். பாதாளச் சாக்கடையில் சேருமுன் கொழுப்பைத் தடுக்கும் தொட்டி கட்டி, அதை வாராவாரம் வழிக்க வேண்டும். அடைப்பெடுக்க ஆளை உள்ளே இறக்கவே கூடாது. பாதுகாப்புக் கருவியும் முன்னெச்சரிக்கையும் இல்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

கடைக்கு நேர் மேலே படுக்கையறை வேண்டாம். இரவில் கொத்துப் பரோட்டா போடும் சத்தம் தளம் வழியாகவே ஏறும். முதல் மாடியைப் பொதுக்கூடத்துக்கும் சமையலறைக்கும் விடுங்கள். ஓட்டல் புகைக்குழாய் மொட்டை மாடியைத் தாண்டட்டும்.

கரண்டில், கடைப் பலகை விளக்கைப் பொது மீட்டரில் கொக்கி போட விடாதீர்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் வீட்டு இணைப்புக்குத்தான், பொது இணைப்புக்குக் கிடையாது.

பொதுச் சமையலை முதல் மாதமே தினமும் தொடங்கினால் ஆட்கள் சலித்துப் போவார்கள். வாரம் இரண்டு இரவு போதும். ஒரு முறைக்கு 4 வீடு என்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் முறை வரும். சைவம், அசைவத்துக்குத் தனிப் பாத்திரம் வைப்பதை வீடு வாங்குமுன்பே பேசி முடியுங்கள். ஆளைப் பார்த்துத் தனித் தம்ளர் என்ற பேச்சுக்கு மட்டும் இடமே தராதீர்கள், அது கூடாது என்று பைலாவிலேயே (உரிமையாளர் சங்கத்தின் விதிகள்) எழுதிவிடுங்கள். வெளியாருக்குச் சாப்பாடு விற்பதானால் வீட்டுக்கான 14.2 கிலோ சிலிண்டர் ஆகாது. 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான்.

பராமரிப்புச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று போடாதீர்கள். லிஃப்ட், மேல்மாடி மோட்டார் செலவு வீடுகளுக்கு. வாட்ச்மேன், வெளிப்பூச்சு எல்லாருக்கும் சதுர அடிப்படி. எந்த வகைக் கடை வரலாம், எத்தனை மணிக்கு ஷட்டர் இறங்க வேண்டும் என்பதைப் பைலாவில் மட்டும் எழுதினால் போதாது. சங்கத்தில் உறுப்பினர் கடையின் உரிமையாளர். கடை நடத்துகிறவரோ வாடகைதாரர். ஆகவே வாடகை ஒப்பந்தத்திலும் அதே வரிகள் இருக்கின்றனவா என்று சாவி கொடுக்குமுன் பார்த்துவிடுங்கள்.