ஓகம் கல்லைப் படிப்பது எப்படி?

அயர்லாந்து, வேல்ஸ் முதலிய நாடுகளில் வாழ்ந்த கெல்ட்டிய மக்களின் பண்பாட்டை அறியப் புகுகிறவர் முதலில் எதிர்கொள்வது பெரும்பாலும் நகைகளில் காணும் முடிச்சுக் கோலங்களையும், மும்முனைச் சுருளையும், மரங்களின் பெயரால் அமைந்த நாட்காட்டியையும்தான். இவற்றுள் மும்முனைச் சுருள் அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் கல்லறையில் கி.மு. 3200 அளவிலேயே செதுக்கப்பட்டுவிட்டது. கெல்ட்டிய மொழி அத்தீவில் வேரூன்றியதற்கு அது மிகவும் முற்பட்டது. மர நாட்காட்டியோ 20ஆம் நூற்றாண்டில் ஓர் ஆங்கிலக் கவிஞர் அமைத்தது. ஆகவே, அம்மக்கள் தம் மொழியில் தாமே எழுதி வைத்தவற்றிலிருந்து தொடங்குவதே நேரான வழி என்பது என் உறுதியான கருத்து. அயர்லாந்தில் அவ்வாறு கிடைப்பவற்றுள் மிகப் பழையவை ஓகம் என்னும் கீறல் எழுத்தில் அமைந்த கல்வெட்டுகள். அவற்றின் எழுத்துகளைக் கற்க ஒரு மாலைப் பொழுது போதும். நன்றாகப் படிக்கத்தான் பொறுமை வேண்டும்.

கற்களில் வெட்டப்பட்ட ஓகம் கல்வெட்டுகள் ஏறத்தாழ 400 கிடைத்துள்ளன. பெரும்பாலானவை கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. தெற்கு அயர்லாந்தின் கெர்ரி, கார்க், வாட்டர்ஃபோர்டு மாவட்டங்களில்தான் அவை செறிந்துள்ளன; கெர்ரியில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது. ஐரிஷ் மக்கள் குடியேறிய வேல்ஸ், மேன் தீவு, கார்ன்வால் ஆகிய இடங்களிலும் சில நிற்கின்றன. நாம் 'ஓகம்' என்று எழுதினாலும், இன்றைய ஐரிஷ் மொழியில் நடுவிலுள்ள ககரம் ஒலிப்பதில்லை. 'ஓ-அம்' என்பது போலவே காதில் விழும்.

முதலில் ஒரு தாளில் நெடுகச் செங்குத்தாக ஒரு கோடு வரைந்துகொள்ளுங்கள். அதுதான் கல்லின் விளிம்பு. ஓகத்தில் எழுத்துகள் கல்லின் முகப்பில் வரிசையாக அமைவதில்லை. இரு முகங்கள் கூடும் விளிம்பையே அடிக்கோடாகக் கொண்டு, அதன் வலப்புறமோ இடப்புறமோ குறுக்காகவோ கீறல்களாக வெட்டப்படுகின்றன. படிக்கும் திசை கீழிருந்து மேல். நீளமான வாசகமானால் இடது விளிம்பில் ஏறி, உச்சியைக் கடந்து, வலது விளிம்பில் இறங்கும். சில கற்களில் இரண்டு விளிம்புகளிலும் தனித்தனியாகக் கீழிருந்து ஏறும். சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது.

எழுத்துகள் மொத்தம் 20. அவை ஐந்தைந்தாக நான்கு இனங்கள். ஒவ்வோர் இனத்திலும் எழுத்தைத் தீர்மானிப்பது ஒன்று முதல் ஐந்து வரையுள்ள கீறல்களின் எண்ணிக்கை. இங்கே தமிழில் படிப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் எழுத்தில் 'கல்', 'சங்கு' இரண்டிலும் ககரம் ஒன்றே. ஓகத்திலோ வல்லொலிக்கு ஓர் எழுத்து, மெல்லினத்தை அடுத்துப் பிறக்கும் அதிர்வொலிக்கு வேறோர் எழுத்து. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், விளிம்பின் வலப்புறக் கீறல்கள் முறையே 'அம்பு' என்பதிலுள்ள பகரம், லகரம், வகரம், ஸகரம், னகரம் ஆகும். இடப்புறக் கீறல்கள் ஹகரம், 'பந்து' என்பதிலுள்ள தகரம், 'தலை' என்பதிலுள்ள தகரம், 'கல்' என்பதிலுள்ள ககரம், க்வகரம். விளிம்பைச் சாய்வாக ஊடறுக்கும் கீறல்கள் மகரம், 'சங்கு' என்பதிலுள்ள ககரம், ஙகரம், ஒரு வகை ஸகரம், ரகரம். விளிம்பின் மீதே இடப்படும் சிறு பள்ளங்கள் உயிர்கள்: அ, ஒ, உ, எ, இ. குறிலும் நெடிலும் பிரித்துக் காட்டப்படுவதில்லை. 'பல்' என்பதன் முதலொலிக்கு இவ்வரிசையில் இடமே இல்லை. அதன் காரணத்தைப் பின்னால் பார்ப்போம்.

இந்தத் திறவுகோல் நமக்குக் கிடைத்தது, 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொகுக்கப்பட்ட பாலிமோட் சுவடி போன்ற ஐரிஷ் ஏடுகள் ஓகம் வரிசையை விளக்கி வைத்திருப்பதால்தான். அந்த ஏடுகள் தரும் ஹகரம், ஙகரம், இரண்டாம் ஸகரம் ஆகிய மூன்றும் பழங்கற்களில் ஐயமின்றி எங்கும் காணப்படவில்லை. எனவே நீங்கள் நடைமுறையில் நன்கு பழக வேண்டியவை 17 எழுத்துகளே. இவற்றுக்கு மேல், விளிம்பின் மீது பெருக்கல் குறி போன்ற ஒரு வடிவம் சில கற்களில் உண்டு. அது ஓரிடத்தில் ககரமாகவும் மற்றோரிடத்தில் எகரமாகவும் நிற்கும். எது என்பதைச் சொல்லைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும்.

வரிசை பழகியதும் ஒரே ஒரு சொல்லைத் தேடப் பழகுங்கள். அது 'மக்வி', அதாவது 'மகனுடைய'. அதன் வடிவம் ஒரு சாய்வுக் கீறல், ஒரு பள்ளம், ஐந்து இடப்புறக் கீறல்கள், ஐந்து பள்ளங்கள். ஒன்று, ஒன்று, ஐந்து, ஐந்து என்ற இந்த அமைப்பு பெரும்பாலான கற்களில் இருப்பதால், தேய்ந்த கல்லிலும் முதலில் கண்ணுக்குப் புலப்படுவது இதுவே. இதைப் பற்றிக்கொண்டு முன்னும் பின்னும் நகரலாம். திசையைச் சரிபார்க்கவும் இது உதவும். கல்லைத் தலைகீழாகப் பார்த்தால் இடப்புறக் கீறல்கள் வலப்புறமாகிவிடும், க்வகரம் னகரமாகும், சொல் பின்னிருந்து முன்னாக 'இ-ன-ம்' என்று அமையும். தமிழர் மறக்க முடியாத அடையாளம் இது: கல்லில் 'இனம்' என்று படிக்க நேர்ந்தால், நீங்கள் வாசகம் ஓடும் திசைக்கு எதிராகப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

அடுத்து வாசகத்தின் கட்டமைப்பு. ஓகம் கல் கதை சொல்வதில்லை, பெயர் சொல்லும். இன்னாருடைய, இன்னார் மகனுடைய, இன்ன குடியைச் சேர்ந்தவருடைய என்பதே அதன் வழக்கமான வாய்பாடு. 'கல்' என்ற சொல் உள்ளடங்கியிருப்பதால் பெயர்கள் எல்லாம் ஆறாம் வேற்றுமையில் நிற்கும். -இ, -அஸ், -ஒஸ் என்பன அவ்வேற்றுமையின் ஈறுகள். குடியைக் குறிக்கும் சொல் 'முக்கோய்'. 'அவி' என்றால் பேரன் அல்லது வழித்தோன்றல். இன்றைய ஐரிஷ் குடும்பப் பெயர்களின் முன்னால் நிற்கும் 'ஓ' இச்சொல்லின் தேய்ந்த வடிவமே. 'அன்ம்' என்றால் பெயர்; பிற்காலக் கற்களில் அது தொடக்கத்தில் வரும். பெண்ணின் பெயரைத் தாங்கிய கல் மிகவும் அரிது. வேல்ஸ் நாட்டின் கார்மார்தன்ஷயரில் எக்லுவிஸ் கிமின் தேவாலயத்திலுள்ள கல் ஒன்று, அவித்தோரியா என்பவரைக் குனிக்னி மகள் என்று லத்தீனிலும் ஓகத்திலும் குறிக்கிறது. அங்கே மகளைச் சுட்டும் 'இனிகெனா' என்ற சொல்தான் இன்றைய ஐரிஷில் 'இனீன்' என்று வழங்குகிறது.

இவ்வாறு இரண்டு மொழிகளில் அமைந்த கற்களைத் தொடக்கநிலையினர் தேடிப் படிக்க வேண்டும். விடைத்தாள் பக்கத்திலேயே இருப்பது போன்ற வசதி அது. அவற்றுள் 1895இல் காஸ்டெல் டுவிரான் என்னும் இடத்தில் அறியப்பட்டு, இப்போது கார்மார்தன்ஷயர் அருங்காட்சியகத்தில் இருக்கும் கல், கெல்ட்டிய மொழிகளின் வரலாற்றையே ஒரு பெயரில் காட்டுகிறது. லத்தீன் வாசகம் 'வொத்தெப்பொரிகிஸ்' என்கிறது. ஓகமோ 'வொத்தெக்கொரிகஸ்' என்கிறது. பகரம் இருந்த இடத்தில் ககரம். ஓகத்தில் அந்தப் பகரத்துக்கு எழுத்து இல்லாததற்குக் காரணம், அதை உருவாக்கிய ஐரிஷ் மொழியில் அக்காலத்தில் அந்த ஒலியே இல்லாததுதான். மூல கெல்ட்டியத்தில் இருந்த க்வகரம் ஐரிஷ் கிளையில் ககரமாகவும், வெல்ஷ், கார்னிஷ், பிரெத்தோன் மொழிகள் அடங்கிய கிளையில் பகரமாகவும் மாறிற்று. அதனால்தான் மகன் ஐரிஷில் 'மாக்', பழைய வெல்ஷில் 'மாப்'. ஐந்து ஐரிஷில் 'கூயிக்', வெல்ஷில் 'பிம்ப்'. ஐரிஷும், அதன் உடன்பிறப்புகளான ஸ்காட்டிஷ் கேலிக், மேன்க்ஸ் மொழிகளும் ஒரு பக்கமும், வெல்ஷ் முதலியவை மறுபக்கமும் நிற்கும் அந்தப் பெரும் பிரிவை, ஒரே கல்லின் இரண்டு பக்கங்களில் கண்ணால் பார்க்க முடிகிறது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பளிக்கிறது.

கல்லின் காலத்தை ஓரளவு மதிப்பிட ஈறுகளைப் பாருங்கள். 'மக்வி' என்பது முழுமையாக, -அஸ் முதலிய ஈறுகளுடன் இருந்தால் கல் பழையது. கி.பி. 500ஐ ஒட்டி ஐரிஷ் மொழியில் கடைசி அசைகள் உதிரத் தொடங்கின. டிராலி நகரை அடுத்த ரதாஸ் தேவாலயத்துக் கல் 'அன்ம் சில்லன் மக்வ் வத்தில்லோக்' என்று ஈறுகெட்டு நிற்பதால் பிற்பட்டது என்று கொள்ளலாம். ஆனால் கல் வெட்டுவோர் பழைய எழுத்து மரபைப் போற்றுவதும் உண்டு. ஆகையால் ஒரு சொல்லை மட்டும் நம்பிக் காலத்தை அறுதியிட வேண்டாம்.

கற்களை நேரில் பார்க்க விரும்புவோருக்கு மிகவும் ஏற்ற இடம் கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியின் கல் நடைக்கூடம். அங்கே 28 கற்கள் கூரையின் கீழ் வரிசையாக நிற்கின்றன. திறந்த வெளியில் காண வேண்டுமானால் கெர்ரியில் கில்லார்னிக்கு அருகிலுள்ள டன்லோ கற்கள் எட்டும் சிறந்தவை. அவற்றுட் சில, 1838இல் கண்டறியப்பட்ட ஒரு நிலவறையின் கூரைக்கற்களாகப் பயன்பட்டு வந்தவை. வெயிலும் மழையும் படாததால்தான் அவற்றின் எழுத்து இன்றும் கூர்மையாக இருக்கிறது. அயர்லாந்துக்குச் செல்ல இயலாதவர்கள், டப்ளின் உயராய்வு நிறுவனம் இணையத்தில் வைத்துள்ள முப்பரிமாணப் பதிவுகளைத் திரையில் சுழற்றிப் படிக்கலாம். பயிற்சிக்கு அதுவே போதுமானது.

நேரில் செல்பவர் நண்பகலைத் தவிர்க்க வேண்டும். காலையிலோ மாலையிலோ சாய்ந்து விழும் வெயிலில்தான் கீறல்களின் நிழல் தெரியும். மேகமூட்டமான நாளில் கைவிளக்கை விளிம்பை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் அதே பயன் கிடைக்கும். கீறல்களில் சுண்ணக்கட்டி பூசுவதும், பாசியைச் சுரண்டுவதும், தாளை வைத்துத் தேய்த்துப் படியெடுப்பதும் கூடவே கூடாது. கல் சேதமடைவது ஒருபுறமிருக்க, நீங்கள் பூசியது அடுத்து வருபவரின் கண்ணையும் ஏமாற்றிவிடும். தனியார் நிலத்தில் நிற்கும் கற்களும் உண்டு. உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டே உள்ளே செல்லுங்கள்.

மிகுதியான பிழைகள் உயிரெழுத்துகளில்தான் நேர்கின்றன. அவை விளிம்பின் மேலேயே இருப்பதால் முதலில் தேய்வதும் அவையே. ஐந்து பள்ளங்களை அடுத்து ஒரு பள்ளம் வந்தால் அது 'இ', 'அ' என்ற இரண்டு எழுத்துகள்; இடைவெளியை அளந்து பார்க்காமல் எண்ணினால் ஆறு பள்ளங்கள் என்று திகைத்து நிற்க வேண்டியதுதான். எனவே ஒவ்வொரு தொகுதியையும் இருமுறை எண்ணி, முதலில் எண்களையே எழுதிக்கொண்டு, பிறகு எழுத்தாக மாற்றுங்கள். சிதைந்த எழுத்தைச் சதுர அடைப்புக்குள் இடுங்கள். அச்சிட்ட வாசிப்பை உங்கள் வாசிப்புக்குப் பிறகே பார்ப்பது நல்லது. முன்பே பார்த்துவிட்டால் இல்லாத கீறலும் இருப்பதாகத் தோன்றும். கணினியில் எழுத விரும்பினால் 1999 முதல் ஒருங்குறியில் ஓகத்துக்கு இடம் உண்டு.

நம்பிக்கைகளைப் பற்றியும் இக்கற்களில் செய்தி உண்டு. ஆனால் அது பெயர்களுக்குள் பொதிந்திருக்கிறது. வாட்டர்ஃபோர்டின் ஆர்ட்மோர் தேவாலயத்தில் உள்ள கல்லில் 'லுகுதெக்கஸ்' என்றும் 'நெத்த-செகமொனஸ்' என்றும் படிக்கலாம். முன்னதில் இருப்பது லூக் என்னும் கடவுளின் பெயர். பிரான்சின் லியோன் நகரின் பழம்பெயரான லுகுதூனம் என்பதிலும் அதே பெயர்தான் காணப்படுகிறது. பின்னதற்குச் 'செகமோவின் வீரன்' என்பது பொருள். செகமோ, இன்றைய பிரான்சுப் பகுதியில் வாழ்ந்த கெல்ட்டியரான காலிய மக்கள் வணங்கிய போர்க்கடவுள். இத்தகைய பெயர்கள் உள்ள கல்லிலோ அதன் அருகிலோ சிலுவை வெட்டப்பட்டிருப்பதும் உண்டு. அதைக் கண்டு முரண்பாடு என்று எண்ண வேண்டாம். சமயம் மாறிய பின்னும் முன்னோர் வைத்த பெயர் தொடர்ந்தது, அவ்வளவே. ஓகம் எழுத்துகள் அனைத்துக்கும் மரங்களின் பெயரே இடப்பட்டுள்ளது என்ற கூற்றையும் இதே கவனத்தோடு அணுக வேண்டும். 'பெ' என்னும் பூர்ச்ச மரமும் 'தார்' என்னும் கருவாலியும் உண்மையாகவே மரங்கள். ஆனால் 'கொர்த்' என்பது வயல், 'முயின்' என்பது கழுத்து. எல்லாவற்றையும் மரமாக்கியது இடைக்கால அறிஞர்களின் வேலை.

இறுதியாக நீங்களே படித்துப் பார்க்க ஒரு கல். டிங்கிள் தீபகற்பத்தின் மேற்கு முனையில், கடலைப் பார்த்தபடி டன்மோர் முனையில் நிற்பது அது. வாசகம்: 'எர்க் மக்வி மக்வி-எர்க்கியஸ் மு தொவினியா'. இதில் 'மக்வி' இருமுறை வருவதைப் பார்த்து 'மகனின் மகன்' என்று பொருள் கொள்ளக் கூடாது. முதலாவது உறவுமுறை, இரண்டாவது தந்தையின் பெயரிலேயே ஒரு பகுதி. 'மு' என்பது 'முக்கோய்' என்பதன் சுருக்கம். கடைசிச் சொல்லை எண்களாக எழுதினால் இடப்புறம் இரண்டு, பள்ளம் இரண்டு, வலப்புறம் மூன்று, பள்ளம் ஐந்து, வலப்புறம் ஐந்து, பள்ளம் ஐந்து, பள்ளம் ஒன்று என வரும். தொவினியா அக்குடியினர் தம் மூதாயாகக் கொண்ட பெண். அப்பகுதி ஐரிஷ் மொழியில் இன்றும் 'கோர்க்கா கிவ்னா' என்றே அழைக்கப்படுகிறது. தொவினியாவின் வழிவந்தோர் என்பதுதான் அதன் பொருள்.