மீன் தொட்டியில் மின்கசிவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீன் நன்றாக நீந்துகிறது, ஆகவே தண்ணீரில் மின்கசிவு இல்லை என்று முடிவு கட்டுவதுதான் மீன் வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகளில் மிக ஆபத்தானது. மின்னோட்டம் பாய வேண்டுமானால் வெளியேற ஒரு வழி வேண்டும். கண்ணாடித் தொட்டியோ தரையோடு மின்தொடர்பு இல்லாமல் நிற்கிறது. பம்ப் வயரின் காப்பு உறை ஓரிடத்தில் விட்டுப்போய் தண்ணீர் முழுவதும் 230 வோல்ட் ஏறியிருந்தாலும் மீனுக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். பாசி துடைக்க நீங்கள் கையை விட்டதும், மின்சாரம் அதுவரை தேடிக்கொண்டிருந்த வழியாக உங்கள் உடம்பு மாறிவிடுகிறது.

அடுத்தது, “வீட்டில் எம்.சி.பி. இருக்கிறதே” என்ற நிம்மதி. மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் அது. எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை, மனிதரை அல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி., ஏறத்தாழ அந்த அளவைத் தாண்டிய பிறகே விழும். நெஞ்சு வழியாகப் பாயும் மின்னோட்டம் 30 மில்லிஆம்பியரைத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து. 16 ஆம்பியர் என்பது அதைப் போல 500 மடங்குக்கும் மேல். தொட்டிக்குத் தேவை ஆர்.சி.சி.பி. என்ற, கசிவைக் கண்டு துண்டிக்கும் சுவிட்ச். உள்ளே போகும் மின்னோட்டமும் திரும்பி வருவதும் சமமாக இருக்கிறதா என்று அது இடைவிடாமல் ஒப்பிடுகிறது. வித்தியாசம் வந்தால், எங்கோ கசிகிறது என்று பொருள். நொடியின் சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும். வாங்கும்போது 30 மில்லிஆம்பியர் வகைதானா என்று பாருங்கள். 100, 300 என்று எழுதியிருப்பவை ஆளைக் காக்க அல்ல, தீ விபத்தைத் தடுக்க. அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறையாவது அழுத்திப் பார்க்க வேண்டும்.

எர்த் கம்பி விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். டைட்டானியம் கம்பியைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையை சாக்கெட்டின் எர்த்தோடு இணைப்பார்கள். ஆர்.சி.சி.பி. இருக்கும் இடத்தில் இது நல்ல ஏற்பாடு. கசிவு தொடங்கியதும் மின்சாரம் கம்பி வழியே தரைக்குப் போகும், ஆர்.சி.சி.பி. உடனே விழும், உங்கள் கை தண்ணீருக்குள் போகும்வரை அது காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஆர்.சி.சி.பி. இல்லாமல் இந்தக் கம்பியை மட்டும் போடுவதைவிடப் போடாமலே இருக்கலாம். எம்.சி.பி.யை விழவைக்கப் போதாத கசிவு, மீன்களுக்கு நடுவே ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு கை தண்ணீரில் இருக்க, மறு கை பழுதான விளக்கின் உலோகச் சட்டத்தில் பட்டால், மின்னோட்டம் கையிலிருந்து கைக்கு நெஞ்சைக் குறுக்காகக் கடக்கும். முதலில் ஆர்.சி.சி.பி., பிறகே எர்த் கம்பி. இந்த வரிசையை மாற்றக் கூடாது.

மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டர் வாங்கியவர்கள் விழும் குழி வேறு. ஒரு முனையைத் தண்ணீரிலும் இன்னொன்றை எர்த்திலும் வைத்தால் 30, 40 வோல்ட் காட்டும். பதறிப்போய் நல்ல பம்பைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். காப்பில் எந்தப் பழுதும் இல்லாத பம்பின் சுருளும் அருகிலுள்ள தண்ணீரில் இப்படி மின்னழுத்தத்தைத் தூண்டும். மல்டிமீட்டர் மின்னோட்டத்தை ஏறக்குறைய இழுப்பதே இல்லை என்பதால், உள்ளே வலுவே இல்லாத அந்த மின்னழுத்தமும் அதன் திரையில் பெரிய எண்ணாகத் தெரிகிறது. ஒவ்வொரு சாதனத்தின் பிளக்கையும் தனித்தனியாகப் பிடுங்கிப் பாருங்கள். எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் பெரும்பாலும் தூண்டல்தான். முழு மின்னழுத்தத்துக்கு அருகில் நின்ற எண், ஒரே ஒரு சாதனத்தைக் கழற்றியதும் படீரென்று விழுந்தால் குற்றவாளி அதுவே. அதை ஒட்டவோ சுற்றவோ வேண்டாம், குப்பைக்கு அனுப்புங்கள். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: விரலில் நகக்கண் அருகே சிறு வெட்டு இருக்கும்போது தண்ணீரில் சுருக்கென்று ஏதோ கடிப்பதுபோல் படும், “உப்பு பட்டிருக்கும்” என்று விட்டுவிடுவார்கள். அந்தச் சுருக்கை அலட்சியப்படுத்தாமல், கையை எடுத்துவிட்டு எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். தொட்டியில் வரும் ஒவ்வொரு நோய்க்கும் மின்கசிவைக் காரணம் காட்டுவதும் சரியல்ல. பல நேரங்களில் தண்ணீரின் தரமே காரணமாக இருக்கும்.

தண்ணீர் மாற்றும்போது சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. வயரிங் மாறியிருந்தால் அந்த சுவிட்ச், மின்சாரம் வரும் கம்பியை விட்டுவிட்டு, அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியைத்தான் துண்டித்திருக்கும். பிளக்கையே பிடுங்குங்கள். ஹீட்டரை நிறுத்திக் கால் மணி நேரமாவது ஆறவிட்ட பிறகே நீர்மட்டத்தைக் குறைக்கலாம். சூடான கண்ணாடிக் குழாய் வெளியே தெரிந்து, அதன்மேல் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொட்டிக்கு அடியில் தரையில் போடாதீர்கள். வயர் நேராக சாக்கெட்டுக்குள் இறங்கினால், அதன் வழியே வழியும் சொட்டும் அங்கேதான் போய்ச் சேரும். சாக்கெட்டுக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி மேலேறும்படி வயரை விடுங்கள். சொட்டு வளைவின் அடியிலேயே விழுந்துவிடும். ஏர் பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், மின்சாரம் போனதும் குழாய் வழியே தண்ணீர் பின்னோக்கி ஓடி பம்புக்குள் இறங்கும். அதை மேலே வைக்கவும் அல்லது தண்ணீரைப் பின்னோக்கி விடாத நான்-ரிட்டர்ன் வால்வு போடவும். கடல்நீர்த் தொட்டியில் விளக்கு, பிளக் மீது படியும் உப்பும் ஈரம் பட்டால் மின்சாரத்தைக் கடத்தும். அடிக்கடி துடைக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று: ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது, ஊரில் இல்லாதபோது மீன் செத்துவிடும் என்று அதைக் கழற்றிவிடுகிறார்கள். அது விழுவதற்குக் காரணமான சாதனத்தைத் தேடுவதுதான் முறை. மீனைப் பற்றிய கவலை நியாயமானதே. மின்சாரம் நின்றதும் தானாக ஓடத் தொடங்கும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம்.