பசி அடங்கும் ஊசி: போடும் முன்னும் போட்ட பின்னும்

11 மாதமாக வாரம் ஒரு ஊசி போட்டுக்கொள்கிறேன். பசியை அடக்கி எடையைக் குறைக்கும் டிர்செபடைடு என்ற மருந்து. மௌஞ்சாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. ஆரம்பிக்கும்போது வயது 48, உயரம் 156 செ.மீ., எடை 88 கிலோ. திருச்சியில் வங்கி வேலை. இப்போது 76 கிலோ. கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: பசி போன பிறகும் சாப்பிடப் பழகுங்கள்.

அதற்கு முன் டாக்டர். எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ., உயரத்துக்கு எடை அதிகமா என்று காட்டும் எண். எனக்கு 36 வந்தது. பொதுவாக 30-க்கு மேல், அல்லது சர்க்கரை, பிரஷர் போன்றவை இருந்தால் 27-க்கு மேல் இந்த மருந்தை எழுதுவார்கள். குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய் இருந்ததா, உங்களுக்குக் கணைய அழற்சி வந்திருக்கிறதா, பித்தப்பையில் கல் உண்டா, குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்களா, இதையெல்லாம் அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு ஒரு விஷயம்: இந்த ஊசியால் மாத்திரையின் பலன் குறையலாம். அதனால் தொடங்கியதும் முதல் 4 வாரமும், டோஸ் கூட்டும் ஒவ்வொரு முறையும் அடுத்த 4 வாரமும் வேறு பாதுகாப்பு வேண்டும். சர்க்கரைக்கு நான் கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும் என்று டாக்டர் அன்றைக்கே அதைப் பாதியாக்கினார்.

டாக்டர் சீட்டு இல்லாமல் தருகிறேன் என்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். மூலிகைப் பொடி என்று வருவதையும் தொடாதீர்கள். மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்ட சிபுட்ரமின் என்ற எடைக் குறைப்பு மருந்து, அப்படிப்பட்ட பொடிகளில் கலந்திருந்து பிடிபட்டிருக்கிறது.

மருந்தை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், ஃபிரீசரில் கூடாது. மே மாதம் ஒரு கடையில் ஐஸ் இல்லாமல் வெறும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். குப்பியைக் கையில் வாங்கினால் வெதுவெதுப்பாக இருந்தது. எவ்வளவு நேரம் வெளியே இருந்தது என்று கேட்டேன், பதில் வரவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கடைக்குப் போனேன். அப்போது ஒரு குப்பி 4,375 ரூபாய், கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

என் நாள் ஞாயிறு. இரவு ஏழு மணிக்குத் தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, ஒரு வாரம் இடது பக்கம், மறு வாரம் வலது. போட்டதும் தினசரி காலண்டர் தாளில் குறித்துவிடுவேன். மறந்துவிட்டால் 4 நாளுக்குள் போடலாம், தாண்டிவிட்டால் அந்த வாரத்தை விட்டுவிட வேண்டும். முதல் 4 வாரம் 2.5 மி.கி., அப்புறம் 5. அதற்கு மேல் போவது உடம்பைப் பார்த்து டாக்டர் சொல்வது. எனக்கு 5-லேயே நிற்கிறது.

மூன்றாவது வாரம் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணம். பாதி இலையிலேயே வயிறு போதும் என்றது. பக்கத்தில் இருந்த அத்தை, "இன்னொரு கரண்டி போட்டுக்கோ கண்ணு" என்று பாயசம் ஊற்றச் சொன்னார். அவர் மனம் கோணக்கூடாதே என்று குடித்தேன். வீடு வந்து சேர்வதற்குள் இரண்டு முறை வாந்தி. இந்த மருந்தில் வயிறு மெதுவாகத்தான் காலியாகும். அதனால் பாதித் தட்டில் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள், எண்ணெய்ப் பண்டத்தையும் இனிப்பையும் குறையுங்கள், போதும் என்று தோன்றினால் எழுந்துவிடுங்கள். யார் மனமும் கோணாது.

இதற்கு நேர் எதிரானதுதான் பெரிய ஆபத்து. இரண்டாவது மாதம் மத்தியானம் இரண்டு மணிவரை ஒரு காபியோடு இருந்திருக்கிறேன், பசியே தெரியவில்லை. மாடி ஏறும்போது தொடை நடுங்கியது, தலை சீவினால் கொத்தாக முடி வந்தது. எடையோடு தசையும் கரைகிறது என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து கடிகாரம் பார்த்துச் சாப்பிடுகிறேன். காலையில் இரண்டு முட்டை, பதினொரு மணிக்கு மோர், மத்தியானம் முதலில் மீனோ பருப்போ, அப்புறம்தான் சோறு. மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல். தண்ணீரையும் அப்படியே, தாகத்துக்குக் காத்திருக்காமல். மலச்சிக்கல் அதிலேயே பாதி குறைந்தது. வாரம் மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி செய்கிறேன்.

குமட்டல், எதுக்களிப்பு பழகப் பழகக் குறையும். ஆனால் மேல்வயிற்றில் விடாத வலி வந்து முதுகுக்குப் பரவினால், உடனே ஆஸ்பத்திரி. ஆபரேஷன் எதற்காவது போனால் மயக்க மருந்து டாக்டரிடம் இந்த ஊசியைப் பற்றிச் சொல்லுங்கள்.

நிறுத்துவதைப் பற்றியும் முதல் நாளே பேசிவிடுங்கள். இதே குடும்பத்து மருந்தான செமாக்ளூடைடை 68 வாரம் போட்டு நிறுத்தியவர்களுக்கு, ஒரே வருடத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. வாரம் ஒரு குப்பி என்பதால் அந்த விலையில் மாதம் 17,500 ரூபாய் ஆனது. எத்தனை மாதம் தாங்கும் என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டே ஆரம்பியுங்கள். நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு வருடத்துக்குக் கணக்குப் போட்டோம். குறைப்பதா தொடர்வதா என்று அடுத்த மாதம் டாக்டரிடம் கேட்கப் போகிறேன்.