“அங்க உயிர் இருக்காம் சார்!”: வானம் பார்க்கத் தொடங்கும் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரைப் பக்கத்திலிருந்து வானம் பார்க்க வரும் பிள்ளைகள் வருடா வருடம் மாறுகிறார்கள். தவறுகள் மட்டும் மாறுவதில்லை. எங்கள் செட்டு பள்ளிக்கூடக் காலத்தில் செய்ததையே இவர்களும் செய்கிறார்கள், கையில் செல்போன் இருப்பதால் கொஞ்சம் வேகமாக. கோளுக்கும் விண்மீனுக்கும் வித்தியாசம் தெரியாதது, தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவக்கிரகக் கற்களை வைத்துச் சூரியக் குடும்பத்தை எண்ணுவது, இதையெல்லாம் இங்கே தொடவில்லை. வகுப்பு வாத்தியாரே திருத்திவிடுவார். யாரும் திருத்தாமல் போகிறவற்றைத்தான் எழுதுகிறேன்.

கடல்மேல் தெரியும் வெளிச்சமெல்லாம் பறக்கும் தட்டு

ஏமாறுவதற்கு நம் கரையைப் போல வசதியான இடம் குறைவு. எதிரே மறைப்பு எதுவும் இல்லை. தூரத்து விசைப்படகின் விளக்கு சில இரவுகளில் தண்ணீரைத் தொடாமல் மேலே மிதப்பதுபோல் தெரியும். உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து தளம் இருக்கிறது. அங்கிருந்து ஹெலிகாப்டரும் போகும், ஆளில்லா விமானமும் போகும். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ஏவிய புதிதில் சரம் கட்டியதுபோல வரிசையாக நகரும். இவ்வளவும் ஒரே வானத்தில்.

ஒரு பையன் விடியற்காலையில் கிழக்கே பார்த்துப் பதறிப்போய்க் கூப்பிட்டான். “சார், நெறம் மாறி மாறி மின்னுது, அசையாம நிக்குது.” அது வெள்ளிக்கோள். அடிவானத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது அதன் ஒளி காற்றின் தடித்த அடுக்கைத் தாண்டி வர வேண்டும். அதனால்தான் சிவப்பும் பச்சையுமாக உடைகிறது. அவன் தாத்தா கடலுக்குப் போகிறவர். அவரை எழுப்பிக் கேட்டிருந்தால் “விடிவெள்ளிடா” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்திருப்பார்.

செய்ய வேண்டியது இதுதான். நேரத்தை எழுது, திசையை எழுது. கையை முழுதாக நீட்டி முட்டி பிடித்து, அடிவானத்திலிருந்து எத்தனை முட்டி உயரம் என்று எழுது. ஒரு முட்டி ஏறக்குறைய 10 பாகை. வானம் மணிக்கு 15 பாகை சுழல்கிறது. நாற்பது நிமிடம் கழித்து உன் வெளிச்சம் மற்ற விண்மீன்களோடு சேர்ந்து ஒரு முட்டி நகர்ந்திருந்தால் அது கோளோ விண்மீனோதான். சில நிமிடத்தில் வானத்தைக் கடந்துவிட்டதா? அப்படியானால் செயற்கைக்கோளாகவோ விமானமாகவோ இருக்கும். சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையமும் இப்படித்தான் போகும்.

“525 மடங்கு பெரிதாகக் காட்டும்” தொலைநோக்கி

பெட்டியில் இருக்கும் அந்த எண் எப்படி வருகிறது என்று பாருங்கள். 700 மி.மீ. குவியத்தூரத்தை 4 மி.மீ. கண்வில்லையால் வகுத்தால் 175. கூடவே போட்டுத் தரும் பார்லோ வில்லையை, அதாவது பெருக்கத்தை மூன்று மடங்காக்கும் துணைவில்லையைச் செருகினால் 525. கணக்கு சரிதான், படம்தான் வராது. முன்வில்லையின் விட்டத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு என்பதே உபயோகமான உச்சம். 60 மி.மீ. என்றால் 120 மடங்கு, அதற்குமேல் கலங்கல். கலிலியோ 1610 ஜனவரியில் வியாழனின் நிலாக்களைப் பார்த்த கருவி சுமார் 20 மடங்குதான் பெருக்கும்.

அப்பா கடன் வாங்கி அதை வாங்கித் தருகிறார். வாடைக்காற்றில் அதன் கால் ஆடுகிறது. பையன் ஒரு வாரத்தில் வெறுத்துப்போய்ப் பரணில் போடுகிறான். அந்தக் காசுக்கு 10x50 (10 மடங்கு, 50 மி.மீ. முன்வில்லை) இருகண்நோக்கி ஒன்று வாங்கி, படகுக் கட்டையிலோ மதில்மேலோ ஊன்றிப் பிடித்துப் பார்க்கலாம். வியாழனின் நான்கு பெரிய நிலாக்களும் தெரியும். அவற்றில் ஒன்று யூரோப்பா. அதன் பனி ஓட்டுக்கடியில் உப்புக்கடல் இருக்கிறது என்று நம்பித்தான் நாசா 2024 அக்டோபரில் யூரோப்பா கிளிப்பரை அனுப்பியது. 2030இல் போய்ச் சேரும். உயிர் வாழத் தக்கதா என்று ஆராயப் போகிற இடத்தை நம் கரையிலிருந்தே காட்ட முடிகிறது. இதைவிட்டு 525ஐத் துரத்துகிறார்கள்.

வில்லையைத் துண்டால் துடைப்பது

உப்புத்தூள் கண்ணாடியைக் கீறும். ஊதுகுழலால் ஊதுங்கள், மூடி போட்டு வையுங்கள்.

செய்தித் தலைப்பைச் சார்ட்டில் எழுதுவது

இதைச் சொல்லும்போது இன்னும் எனக்கு எரிச்சல் வருகிறது.

2025 ஏப்ரல், புதிய பாம்பன் பாலம் திறந்த அதே மாதம். கே2-18பி என்ற கோளில் உயிரின் அறிகுறி என்று எல்லாத் தொலைக்காட்சியிலும் ஓடியது. சிம்ம ராசி விண்மீன் கூட்டத்தில், 124 ஒளியாண்டு தூரத்தில் (அங்கிருந்து ஒளி வந்துசேர 124 வருடம்), ஒரு செங்குறு விண்மீனை, அதாவது சிறிய, மங்கிய சிவப்பு விண்மீனை, 33 நாளில் சுற்றும் கோள் அது. நம் பூமியைப் போல எட்டு மடங்குக்குமேல் நிறை. கேம்பிரிட்ஜில் நிக்கு மதுசூதன் தலைமையிலான குழு ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கித் தரவில், பூமியில் பெரும்பாலும் உயிர்களால் உண்டாகும் டைமெத்தில் சல்பைடு வாயுவின் தடம் தெரிவதாகச் சொன்னது. நம்மூர்ப் பெயர் வந்ததும் உற்சாகம் இரண்டு மடங்கானது.

பிறகு ஒரு அறிவியல் கண்காட்சி. கடற்கரைக் கிராமத்துப் பெண் ஒருத்தி தெர்மாகோலில் கோள் செய்து, மோட்டார் வைத்துச் சுற்றவிட்டு, மேலே பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள்: “கே2-18பி: வேற்றுக்கிரக உயிர் கண்டுபிடிப்பு!” உழைப்பு கொஞ்சநஞ்சமல்ல. நடுவராக வந்தவர் ஒரே கேள்விதான் கேட்டார்: “உயிர் இல்லாம அந்த வாயு வர வழியே இல்லையாம்மா?” அவளிடம் பதில் இல்லை. அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டார். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. தலைப்பை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டு, பின்னால் வந்த மறுப்புகளைச் சொல்லாமல் விட்ட பெரியவர்கள்மேல்தான்.

நடந்தது என்ன? அந்தக் கோளை யாரும் படம் எடுக்கவில்லை. அது தன் விண்மீனுக்குக் குறுக்கே போகும்போது, விண்மீன் ஒளியில் ஒரு துளி அதன் காற்று மண்டலத்தின் ஓரத்தில் புகுந்து வருகிறது. எந்த நிறம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, அங்கே என்ன வாயு இருக்கும் என்று கணிக்கிறார்கள். மீத்தேனும் கரியமில வாயுவும் இருப்பதை 2023இல் இப்படித்தான் அறிவித்தார்கள். சல்பைடின் தடம் அந்த அளவுக்குத் தெளிவில்லை. அது டைமெத்தில் சல்பைடா, டைமெத்தில் டைசல்பைடா என்றே அந்தத் தரவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. உறுதி ‘மூன்று சிக்மா’, அதாவது தற்செயலாக அமைந்திருக்க 0.3 விழுக்காடு வாய்ப்பு. கண்டுபிடிப்பு என்று சொல்ல அதைவிடப் பல மடங்கு உறுதியான ‘ஐந்து சிக்மா’ வேண்டும் என்று அந்தக் குழுவே சொன்னது. வேறு குழுக்கள் அதே தரவை மறுபடி அலசி, தடம் இருப்பதற்கே வலுவான சான்று இல்லை என்றன.

சரி, வாயு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 67பி என்ற வால்நட்சத்திரத்திலும் இதே வாயு இருந்ததை ரோசெட்டா விண்கலத் தரவு காட்டியது. வால்நட்சத்திரத்தில் எந்த உயிர்? ஆய்வகத்தில் வாயுக் கலவைமேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்சியும் உயிரில்லாமலே இதை உண்டாக்கியிருக்கிறார்கள். கருவாட்டு வாசம் வருகிறது என்பதற்காக அந்த வீட்டில் கருவாட்டுக் குழம்பு என்று முடிவுகட்ட முடியுமா? பக்கத்துக் களத்தில் காயப்போட்டிருக்கலாம்.

என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. பூமியில் இந்த வாயு பெரும்பாலும் கடலில் மிதக்கும் நுண்பாசிகளால் உண்டாகிறது. நாம் கடல் வாசம் என்கிறோமே, அதில் இதற்கும் பங்குண்டு. அந்தப் பெண்ணின் அம்மா மன்னார் வளைகுடாவில் முங்கிப் பாசி எடுக்கிறவர். தன் வீட்டு வாசலில் தினமும் அடிக்கிற வாசத்தையும் 124 ஒளியாண்டு தூரத்துக் கோளையும் சேர்த்துப் பேச அவளால்தான் முடியும், மதுரைப் பிள்ளைகளால் முடியாது. இன்னொன்றும் இருந்தது. வெப் பார்த்த அந்த ஒளி கிளம்பியபோது 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலமே இல்லை. இரண்டையும் விட்டுவிட்டு ஆச்சரியக்குறியை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தாள்.

இது புதிய கூத்துமல்ல. 1996இல் ஏ.எல்.எச்.84001 என்ற செவ்வாய் விண்கல்லில் புதைபடிவ நுண்ணுயிர் என்றார்கள். இன்றுவரை பெரும்பாலோர் ஏற்கவில்லை. 2020இல் வெள்ளியில் பாஸ்பீன் வாயு, அது உயிரின் அறிகுறியாக இருக்கலாம் என்றார்கள். தகராறு இன்னும் ஓயவில்லை. இப்போது செவ்வாயில் பெர்சிவரன்ஸ் ஊர்தி கண்ட புள்ளி விழுந்த பாறையைப் பற்றிப் பேச்சு. 2025 செப்டம்பரில் வந்த ஆய்வுக் கட்டுரை ‘உயிர்த்தடமாக இருக்கக்கூடும்’ என்றுதான் சொல்கிறது. அந்த ‘கூடும்’ சார்ட்டுக்கு வரும் வழியில் எங்கேயோ விழுந்துவிடுகிறது.

அதனால் சார்ட்டில் மூன்று பத்தி பிரிக்கச் சொல்கிறேன். முதலில், எதை அளந்தார்கள். அடுத்து, அந்த அளவுக்கு என்னென்ன காரணம் இருக்கலாம். இதில் உயிரும் ஒன்று, கடைசியாக எழுது. மூன்றாவதாக, எதைச் சோதித்தால் அது நிற்கும் அல்லது விழும். நடுவர் கேட்கப்போகும் கேள்வியை நீயே எழுதி வைத்துவிட்டாய், அவர் வேறென்ன கேட்பார்?

ஓவியர் வரைந்த கோளைப் புகைப்படம் என்று ஒட்டுவது

கூடாது.

வாழத்தக்க மண்டலத்தில் இருந்தால் உயிர் இருக்கும் என்பது

விண்மீனிலிருந்து தண்ணீர் உறையாமலும் ஆவியாகாமலும் நிற்கக்கூடிய தூரம், அவ்வளவுதான் அதன் பொருள். நம் நிலாவும் அதே மண்டலத்தில்தான் இருக்கிறது.

அமாவாசைக்கு ராமேஸ்வரம்

இருட்டு வேண்டும் என்று சரியாகத்தான் யோசிக்கிறார்கள். ஆனால் ஆடி, தை அமாவாசைகளில் அக்னி தீர்த்தக் கரை பகல்போல் இருக்கும். தனுஷ்கோடியில் மாலையோடு பார்வையாளர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் தெற்கு பார்த்த கரை நல்லது. மழை ஓய்ந்து தை பிறந்த பிறகு வாருங்கள். பிள்ளைகளைத் தனியாக அனுப்பாதீர்கள்.

“அதோ அந்த நட்சத்திரத்துலதான் ஏலியன்”

ஏறக்குறைய 9 பாகை அட்சரேகையில் இருப்பதால் வடநாட்டார் பலருக்குக் கிடைக்காத தெற்கு வானம் நமக்குக் கிடைக்கிறது. மே மாத நடுவில் இரவு பதினோரு மணிக்குத் தெற்கே இரண்டு முட்டி உயரத்தில் பளிச்சென்று நிற்பது ஆல்ஃபா சென்டாரி. அதைக் காட்டி “பக்கத்துக் கோள் அங்கதான் இருக்கு” என்பது பாதிச் சரி. 2016இல் கண்டுபிடித்த கோள் சுற்றுவது அந்தக் குடும்பத்தின் மூன்றாவது விண்மீனான பிராக்சிமாவை. 4.24 ஒளியாண்டுதான் தூரம் என்றாலும் மங்கலான செங்குறு விண்மீன் என்பதால் வெறும் கண்ணுக்குத் தெரியாது, இருகண்நோக்கிக்கும் அகப்படாது. அடிக்கடி சீறித் தீப்பிழம்பு கக்கும் விண்மீன் வேறு. அந்தக் கோளில் காற்று மிஞ்சியிருக்கிறதா என்பதே இன்னும் கேள்வி. பிராக்சிமாவைப் பார்த்தே தீருவேன் என்கிற பிள்ளைக்கு 100 மி.மீ.க்குக் குறையாத தொலைநோக்கியும் நல்ல வான்வரைபடமும் வேண்டும். தேடிப் பிடித்தாலும் சுற்றியிருக்கும் புள்ளிகளுக்கு நடுவே ஒரு சிவந்த புள்ளிதான். வரைபடத்தை அச்செடுத்து எடுத்து வாருங்கள். செல்போன் திரை வெளிச்சம் பட்டால் இருட்டுக்குப் பழகிய கண் பழையபடி ஆக அரை மணி நேரம் போய்விடும்.