வளவில் பழைய செப்புக் காசு கிடைத்தால்

யாழ்ப்பாணத்தில் வாழைக்குக் கிடங்கு வெட்டும்போது ஒல்லாந்தர் காலத்துச் செப்புக் காசு அகப்படுவதுண்டு. ஒரு பக்கத்தில் வி, ஓ, சி எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தால் அது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் காசு.

தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குப்போலத் துலக்கினால் பச்சைப் படலத்தோடு ஆண்டும் எழுத்தும் போய்விடும். போனது திரும்பாது. எங்கள் கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம், அதிலுள்ள உப்பு செம்பை அரிக்கும். பற்றரிக்கு விடும் வடித்த நீரில் (அசிட் அல்ல!) ஓரிரு நாள் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் மண்ணை மட்டும் நீக்கி, நிழலில் உலர்த்துங்கள்.

சரி, மெட்டல் டிடெக்டர் வாங்கித் தேடலாமா? வேண்டாம். இது போர் நடந்த மண். கருவி கத்துவது காசுக்கா, வெடிக்காத குண்டுக்கா என்று வெளியே தெரியாது. அனுமதியில்லாமல் புதையல் தோண்டுவதும் குற்றம்.

1815 மார்ச் 2க்கு முந்திய காசு சட்டப்படி தொல்பொருள். அதனால் கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் அன்றே குறித்துவைத்து, தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.