கதிரையில் ஏற முதல்: சலூன் தெரிவில் நாங்கள் விடும் பிழைகள்

போனில் சேமித்து வைத்திருந்த ஒரு படம்தான் என்னைக் கெடுத்தது. கொரிய நாடகமொன்றில் வந்த பெண், புருவத்தைத் தொட்டும் தொடாமலும் விழுகிற நெற்றிமுடி. படத்தைக் காட்டினேன், "செய்யலாம்" என்றார்கள். முடியை நனைத்து, சீப்பால் கீழே இழுத்துப் பிடித்து, புருவத்துக்கு நேரே ஒரு வெட்டு. அந்த நேரம் பார்க்க அச்சொட்டாகப் படத்தைப் போலவே இருந்தது. வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றிக் கொஞ்ச நேரத்தில், காய்ந்த என் சுருள்முடி இரண்டு விரற்கடை மேலே ஏறி நெற்றியின் நடுவில் குந்திக்கொண்டது. மறுநாள் மருமகளின் காதுகுத்து. அன்றைய படங்கள் எல்லாவற்றிலும் நான் ஹெயார்பாண்டோடு நிற்கிறேன்.

வெட்டினவரை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. நான் கேட்டதைத்தான் அவர் செய்தார். ஆனால் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. காய்ந்தால் எவ்வளவு சுருங்கும், எண்ணெய் வைப்பீங்களா, காலையில் தலைக்கு எத்தனை நிமிசம் செலவழிப்பீங்க, ஒன்றுமே இல்லை. அதற்குப் பிறகு புதிய இடம் தேடும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது, கத்தரிக்கோலை எடுக்க முதல் வாயைத் திறக்கிறவரா என்பதைத்தான். மற்றப் பிழைகளில் முக்கால்வாசி இதன் கிளைகள் என்றே எனக்குப் படுகிறது.

எங்கள் ஊரான திருகோணமலையில் பலரும் கடையைப் பார்க்கிறோம், ஆளைப் பார்ப்பதில்லை. என்.சி. வீதியிலோ மத்திய வீதியிலோ போகும்போது ஏசி போட்ட கடை, லைட் சுற்றிய கண்ணாடி, சுழலும் கதிரை எல்லாம் கண்ணை இழுக்கும். நான்கு கதிரை உள்ள கடையில் நான்கு விதமான கை இருக்கும் என்பது உள்ளே போனபிறகுதான் தெரியும். முகப்பில் சிரித்து வரவேற்றுப் படம் பார்த்துத் தலையாட்டுபவர் ஒருவர், உண்மையில் வெட்டப் போகிறவர் போன மாதம் பழக வந்த பிள்ளை. பழகுவது குற்றமில்லை, யாரோ ஒருவரின் தலையில்தான் எல்லோரும் பழக வேண்டும். ஆனால் அது உங்கள் தலையா என்பதை முன்கூட்டியே அறிய உங்களுக்கு உரிமை உண்டு. நேரம் கேட்டுப் போன் எடுக்கும்போதே "யார் வெட்டுவார்?" என்று கேளுங்கள். சிகையலங்காரத்துக்கு என்.வி.கியூ என்ற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழும் உண்டு. சுவரில் அது தொங்கினால் நல்லது, அதில் உள்ள பெயரும் கத்தரிக்கோல் பிடிப்பவரின் பெயரும் ஒன்றா என்று பார்ப்பது அதைவிட நல்லது.

அப்பா முப்பது வருசமாக ஒரே ஆளிடம் வெட்டுகிறார். அந்த அண்ணன் இதற்குள் மூன்று கடை மாறிவிட்டார், அப்பாவும் பின்னாலேயே மாறினார். கதிரையில் இருந்ததும் பேப்பரை விரிப்பார், ஒரு சொல் பேச்சில்லை. அப்பாவின் உச்சிச் சுழி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அம்மாவுக்குத் தெரியாது. அந்த அண்ணனுக்குத் தெரியும்.

சுழி சின்ன விசயமில்லை. முடி தோலை விட்டு வெளியே வரும்போதே ஒரு திசைக்குச் சாய்ந்துதான் வருகிறது. இரட்டைச் சுழி உள்ள பொடியனுக்கு உச்சியில் கட்டையாக வெட்டினால் சேவல் கொண்டைதான். என் தம்பியின் ஓ.எல். அடையாள அட்டைப் படம் அதற்குச் சாட்சி. தெரிந்தவர் காய்ந்த தலையில் விரலை விட்டு அளைந்து பார்த்த பிறகே தண்ணி தெளிப்பார். நனைந்த முடி நீண்டு ஒட்டிக்கிடக்கும், அதற்குள் சுழியும் சுருளும் ஒளிந்துகொள்ளும். இருந்ததும் இராததுமாகத் தண்ணிப் போத்தலைத் தூக்குகிறவரிடம் சுருள்முடிக்காரர்கள் "கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லியே ஆகவேண்டும்.

சரி, ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? பேஸ்புக்கில் கடைக்காரர் போடும் படத்தை வைத்து முடிவெடுப்பதும் ஒரு பிழைதான். அயர்ன் பிடித்து, சீரம் பூசி, லைட்டுக்கு முன்னால் இருத்தி எடுத்தால் எந்த வெட்டும் மினுங்கும். தலைமுடி மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளரும். நல்ல வெட்டு அந்த வளர்ச்சியையும் தாங்கி ஆறு கிழமை வரை உருக்குலையாமல் நிற்கும், மோசமானது மூன்றாம் கிழமையே கலைந்துவிடும். ஆகவே பார்க்க வேண்டியது வெட்டி மூன்று கிழமையான தலைகளை. கந்தோரில், பத்திரகாளி அம்மன் கோவில் வீதியில், பிள்ளையின் ரியூசன் வாசலில், உங்களுடையது போன்ற முடி உள்ள ஒருவரைப் பிடித்து "எங்க வெட்டினீங்க, ஆர் வெட்டினது?" என்று கேளுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள். சொல்லப்போனால் அன்று முழுக்க அவருக்குச் சந்தோசமாக இருக்கும். பர்தா போடுகிறவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும்: பெண்களுக்குத் தனி மறைப்பு உண்டா, எந்த நேரம் பெண் ஊழியர் மட்டும் நிற்பார்கள்.

முதல் தடவையே பெரிய வேலை கொடுக்க வேண்டாம். நுனி மட்டும் வெட்டக் கொடுங்கள். கை எப்படி, கேட்கிற காது எப்படி என்று அதிலேயே தெரிந்துவிடும்.

கேட்கிற காது இருந்தாலும் சொல்கிற வாய் சரியாக இருக்க வேண்டுமே. "கொஞ்சமா வெட்டுங்க" என்பதைப்போல ஆபத்தான வசனம் வேறில்லை. உங்கள் கொஞ்சம் ஒரு விரற்கடை, அவருடைய கொஞ்சம் நாலு. எங்கள் ஊரில் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் தமிழும் சிங்களமும் புழங்குவதால் இது இன்னும் சிக்கலாகும். சிங்களத்தில் 'பொட்டக்' என்றால் கொஞ்சம், 'கொட்ட' என்றால் கட்டை. என் சிநேகிதி ஒருத்தி அரைகுறைச் சிங்களத்தில் இரண்டையும் மாற்றிப் போட்டு "கொட்ட கரண்ண" என்று அன்பாகக் கேட்டுவிட்டு, இடுப்புவரை இருந்த முடியைத் தோளோடு விட்டுவந்தாள். எந்த மொழியானாலும் விரலை முடியில் வைத்துக் காட்டுங்கள், இது மிஞ்ச வேண்டும், இது போக வேண்டும் என்று. படம் காட்டுவதானால் உங்கள் முடி இனத்தைச் சேர்ந்த தலையின் படத்தைக் காட்டுங்கள். விருப்பமில்லாத வெட்டின் படம் ஒன்றும் கைவசம் இருந்தால் இன்னும் உதவும்.

ஆண்களுக்கு மெஷின் நம்பர். நம்பர் 1 என்றால் மிஞ்சுவது சுமார் 3 மில்லிமீற்றர், 2 என்றால் 6, 4 என்றால் 13. "சைட் ரெண்டு, பின்னுக்கு ரெண்டு, மேல கத்தரி" என்று சொன்னால் குழப்பமில்லை. "ஸ்டைலா வெட்டுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாடசாலைப் பொடியனைத் தனியே அனுப்பும் பெற்றோர் திங்கட்கிழமை ஆசிரியரிடமிருந்து வரும் போனுக்குத் தயாராக இருக்கவேண்டும்.

அடுத்தது, ஊரை மறந்து வெட்டுவது. ஆடியில் கச்சான் காற்று வீசும்போது முடி வைக்கோலாகும். ஐப்பசி, கார்த்திகையில் மாரி தொடங்கினால் அதே முடி ஈரத்தைக் குடித்து உப்பும். அயர்ன் பிடித்து நேராக்கிய முடி ஈரக்காற்றில் அரை மணித்தியாலத்தில் பழையபடி நெளிவது உங்கள் குற்றமல்ல. சூட்டில் பிரிந்த மெல்லிய பிணைப்புகள் நீராவி பட்டதும் மறுபடி தங்கள் பழைய இடத்தில் சேர்ந்துகொள்கின்றன. இதோடு கடற்கரைப் பக்கத்துக் கிணறுகளில் சவுக்காரம் நுரைக்காத உவர், உப்புவெளியில் பிள்ளைகளோடு கடற்குளிப்பு, நாள்தோறும் ஹெல்மெட். கொழும்பில் ஏசிக் காரில் போய்வருகிறவருக்குப் பொருந்தும் வெட்டு இங்கே இரண்டு நாள் தாங்காது. உங்களுக்குச் சரியான ஆள் இதையெல்லாம் கேட்பார். கேட்காவிட்டால் நீங்களாகச் சொல்லுங்கள்.

இனி மருந்து வேலைகள். வெட்டுப் பிழைத்தால் வளரும், இங்கே பிழைத்தால் முடியே போகும். ரீபோண்டிங் முடியின் உள்ளே இருக்கும் உறுதியான பிணைப்புகளை உடைத்து நேராக அடுக்குகிற வேலை. அடியில் புதிதாக வளர்வது சுருளாகத்தான் வரும். நாலு மாதத்தில் மேலே நாலைந்து சென்ரிமீற்றர் சுருள், கீழே கம்பி. இதை முன்னமே சொல்லாதவர் உங்களிடம் அடுத்த தடவைக்கான காசையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார்.

எங்கள் பக்கத்துப் பிழை, தலையின் பழைய கதையை மறைப்பது. பக்கற்றில் வரும் சில மருதோன்றித் தூள்களில் உலோக உப்புகள் கலந்திருக்கும். அது பூசிய முடியில் பிளீச் வைத்தால் சூடேறி, முடி தும்புத் தும்பாக உடையலாம். ஒரு வருசத்துக்கு முன் பூசியதென்றாலும் அந்தப் பாகம் இன்னும் தலையில்தான் இருக்கிறது. "ஒண்டும் பூசேல்லை" என்று வெட்கத்துக்குச் சொல்லாதீர்கள்.

கறுப்பு டையில் பெரும்பாலும் இருப்பது பி.பி.டி. என்ற இரசாயனம். பத்து வருசம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டுப் பதினோராம் வருசம் முகத்தை வீங்கவைக்கக்கூடியது. கைகளில் போடும் கறுப்பு மருதோன்றியிலும் இதைக் கலப்பதுண்டு. அதில் ஒருமுறை தோல் புண்பட்டவர்கள் டை பக்கமே போகக்கூடாது. மற்றவர்களுக்கு 48 மணித்தியாலம் முன்பே காதுக்குப் பின்னால் சிறிது தொட்டுப் பார்த்துத்தான் பூச வேண்டும். "அதெல்லாம் தேவையில்லை" என்கிற கடையில் இருந்து எழும்பி வாருங்கள்.

முடியை நேராக்கும் கெரட்டின் செய்யும்போது கண் எரிந்து மூக்கால் தண்ணி வந்தால் அது போர்மலினில் உள்ள போர்மல்டிஹைட்டாக இருக்கலாம். மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று அதனைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வகைப்படுத்தியது. "போர்மலின் இல்லை" என்று எழுதிய போத்தல்கள் சிலவற்றில் அதற்குப் பதிலாக கிளையொக்சிலிக் அமிலம். அந்த அமிலம் கலந்த மருந்தால் ஸ்ட்ரெயிட்னிங் செய்த மூன்று தடவையும் ஓர் இளம்பெண்ணின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2024இல் மருத்துவ இதழொன்று வெளியிட்டது. போத்தலைக் காட்டச் சொல்லுங்கள். தெரிந்தவர் காட்டுவார்.

சுத்தம் பற்றிச் சுருக்கமாக: பிளேட் உங்கள் கண் முன்னால் புதிதாக உடைபட வேண்டும், மஞ்சட்காமாலைக் கிருமிகளில் சில இரத்தத்தால் பரவுபவை. மெஷினைத் துடைக்காமல் அடுத்த தலையில் வைத்தால் படர்தாமரை வரும். மசாஜ் முடிவில் கழுத்தைப் பிடித்து "டக்" என்று முறிக்கிற வித்தைக்கு மட்டும் விடாதீர்கள், கழுத்து நாளம் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் உண்டு. தலை கழுவும் தொட்டியில் கழுத்தைப் பின்னால் அளவுக்கு மீறி மடக்கி வைத்ததால் வந்த பக்கவாதத்தை மருத்துவர்கள் 1993இலேயே பதிந்திருக்கிறார்கள். வயதானவர்களைக் கூட்டிப்போனால் கழுத்தின் கீழ் துவாயை மடித்து வைக்கச் சொல்லுங்கள்.

நேரத்தையும் தெரிவு செய்ய வேண்டும். செவ்வாய், வெள்ளியில் முடி வெட்டாத வீடுகள் இன்னும் இருப்பதால் அந்தக் கூட்டமும் சனி, ஞாயிறிலேயே வந்து விழும். பொங்கலுக்கும் வருசப்பிறப்புக்கும் பெருநாளுக்கும் முந்திய நாள், பாடசாலை தொடங்க முந்திய ஞாயிறு, இந்த நாட்களில் எந்த நல்ல கையும் அவசரக் கைதான். மணப்பெண்கள் புதிய ஆளையும் புதிய மருந்தையும் கலியாணக் கிழமையில் பரீட்சித்துப் பார்க்கவே கூடாது. ஒத்திகைக்குக் குறைந்தது ஒரு மாதம் விடுங்கள்.

முடிவில் காசு. முடியின் நீளம் பார்த்துத்தான் விலை என்றால், எவ்வளவு என்று கதிரையில் ஏற முதலே கேட்டு, கழுவுதலும் சீரமும் சேர்ந்ததா என்றும் கேளுங்கள். பற்றுச்சீட்டு வாங்குங்கள். ஏமாற்றம் பெரிதென்றால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகத் தேவைப்படாது. "நல்லா இருக்கு" என்று பொய் சொல்லி வந்து வீட்டில் அழுகிறோமே, அதற்குப் பதிலாக ஒரு கிழமைக்குள் திரும்பிப் போய் "இந்தப் பக்கம் கூடக் கிடக்கு" என்று சொன்னால், பெரும்பாலானோர் காசில்லாமலே திருத்தித் தருவார்கள்.

இப்போது நான் போகும் அக்கா முதல் நாள் என் காய்ந்த முடியைச் சுருட்டிப் பார்த்துவிட்டு, "கடலில் குளிப்பீங்களா? ஹெல்மெட் எவ்வளவு நேரம்?" என்றுதான் தொடங்கினார். போன கார்த்திகையில் பழைய ஆசை திரும்பி வந்து, நெற்றிமுடி வெட்டச் சொல்லிக் கேட்டேன். வெளியே பெய்துகொண்டிருந்த மழையை ஒருமுறை பார்த்தார்.

"இப்ப வெட்ட மாட்டன். மாரி முடியட்டும், தை பிறக்க வாங்கோ."