நிருபம் என்றால் கடிதம்: பவுலை வாசிக்கையில் நாம் செய்யும் தவறுகள்

புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் பவுல் சபைகளுக்கு எழுதிய கடிதங்களுக்கு வழங்கும் 'நிருபம்' என்ற சொல்லை இன்று தேவாலயத்துக்கு வெளியே யாரும் பேசுவதில்லை. பழைய தமிழில் அதற்கு எழுத்தில் வரும் கட்டளை, கடிதம் என்று இரண்டு பொருளும் உண்டு. கத்தோலிக்கர் வழங்கும் 'திருமுகம்' இன்னும் ஒரு படி மேலே. அரசன் அனுப்பும் ஓலைக்குத்தான் அந்தப் பெயர். பதினோராம் திருமுறையின் தொடக்கத்தில் ஆலவாய் இறைவன் சேரமான் பெருமாளுக்கு எழுதியதாக வருவதும் திருமுகப் பாசுரம்தான். இரண்டுமே கம்பீரமான சொற்கள், எனக்குப் பிடித்தமானவை. ஆனால் கிரேக்க மூலத்தில் இருக்கும் 'எபிஸ்தொலே' என்பதற்குக் கடிதம் என்றுதான் பொருள். வெளியூர் போன மகன் அம்மாவுக்கு எழுதி அனுப்பியதற்கும் அதே பெயர்தான்.

நம்முடைய முதல் தவறு இங்கேயே தொடங்கிவிடுகிறது. நிருபம் என்றதும் மேலிருந்து இறங்கிய சட்டத்தொகுப்பு என்று மனம் எடுத்துக்கொள்கிறது. எழுதியவருக்கு ஒரு ஊர், ஒரு அவசரம், ஒரு கோபம் இருந்தது என்பது மறந்துபோகிறது. நான் பல ஆண்டுகளாக வேதபாட வகுப்பில் இந்தக் கடிதங்களை மற்றவர்களோடு சேர்ந்து வாசித்து வருகிறேன். திரும்பத் திரும்ப எதிர்ப்படும் தவறுகள் பெரும்பாலும் இந்த ஒரு மறதியிலிருந்து கிளைத்தவை.

எகிப்தில் ஒக்சிரிங்குஸ் என்ற பழைய ஊரின் குப்பைமேடுகளை 1896 முதல் தோண்டியபோது ஆயிரக்கணக்கான பாப்பிரஸ் ஏடுகள் கிடைத்தன. அவற்றில் சாதாரண மக்கள் எழுதிய கடிதங்கள் ஏராளம். எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே வார்ப்பு: இன்னார் இன்னாருக்கு, வாழ்த்துகள், நீ நலமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன், பிறகு விஷயம், கடைசியில் அவரைக் கேட்டதாகச் சொல், இவரைக் கேட்டதாகச் சொல். நம் ஊரில் 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கிய காலத்தை நினைத்துக்கொண்டால் போதும். பவுலும் இதே வார்ப்பில்தான் எழுதுகிறார். 'வாழ்த்துகள்' என்பதற்குக் கிரேக்கர் எழுதும் 'கைரைன்' என்ற சொல்லுக்குப் பதில், ஒலியில் அதற்கு நெருக்கமான 'காரிஸ்', அதாவது கிருபை என்பதை வைக்கிறார். கூடவே யூதர்களின் வாழ்த்தான சமாதானத்தையும் சேர்க்கிறார். அடுத்து வழக்கமாக நன்றி சொல்லும் பகுதி வரும். சண்டை சச்சரவு நிறைந்த கொரிந்து சபைக்குக்கூட முதல் கடிதத்தில் நன்றி சொல்லிவிட்டுத்தான் கண்டிக்கத் தொடங்குகிறார். கலாத்தியருக்கு எழுதும்போது அந்த நன்றியே இல்லை. வாழ்த்து முடிந்ததும் 'இவ்வளவு சீக்கிரமாய் விலகிவிட்டீர்களே, ஆச்சரியமாயிருக்கிறது' என்று நேராக இறங்கிவிடுகிறார். வழக்கமான வார்ப்பு தெரிந்தவருக்கு அங்கே முகத்தில் அறைந்தது போல் இருந்திருக்கும். வார்ப்பு தெரியாத நமக்கு அது வெறும் ஆறாம் வசனம்.

வரிசையை நம்புவது இன்னொரு தவறு. வேதாகமத்தில் சுவிசேஷங்கள் முன்னால் இருப்பதால் அவைதான் முதலில் எழுதப்பட்டன என்று நினைக்கிறோம். பவுலின் கடிதங்களில் ரோமர் முதலில் நிற்பதால் அதுவே மூத்தது என்றும் எண்ணுகிறோம். பவுலின் பெயரில் உள்ள 13 கடிதங்களும் ஏறத்தாழ நீளத்தை வைத்து அடுக்கப்பட்டவை. முதலில் சபைகளுக்கு எழுதியவை, பிறகு தனி ஆட்களுக்கு எழுதியவை. நீளமான ரோமர் தலையிலும் ஒரே அதிகாரம் கொண்ட பிலேமோன் கடைசியிலும் வந்தது அப்படித்தான். காலத்தால் மூத்தது பெரும்பாலும் 1 தெசலோனிக்கேயர், கி.பி. 50ஐ ஒட்டி எழுதப்பட்டது. மாற்கு சுவிசேஷத்தை ஆய்வாளர் பலரும் 70ஐ ஒட்டி வைக்கிறார்கள். ஆக, இயேசுவைப் பற்றி நம் கையில் இருக்கும் மிகப் பழைய எழுத்து இந்தக் கடிதங்களே.

ஆண்டை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள் என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. கிரேக்க நாட்டு டெல்ஃபியில் உடைந்த கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்தன. அவை ரோமப் பேரரசர் கிலவுதியுவின் கடிதம் ஒன்றைப் பொறித்த கல்லின் துண்டுகள். அதில் அகாயா நாட்டு அதிபதியாகக் கல்லியோனின் பெயர் வருகிறது. பேரரசரின் பட்டங்களைக் கணக்கிட்டால் கல்லியோனின் பதவிக்காலம் 51ஐ ஒட்டி விழுகிறது. இவர் தத்துவ அறிஞர் செனெக்காவின் அண்ணன். அப்போஸ்தலர் 18ஆம் அதிகாரத்தில் பவுலை யூதர்கள் நியாயாசனத்துக்கு முன் கொண்டுபோனது இதே கல்லியோனிடம்தான். பவுலின் வாழ்க்கைக்கு ஆண்டு குறிக்கும் முயற்சி பெரும்பாலும் இந்தக் கல்லில்தான் ஊன்றி நிற்கிறது.

கொரிந்தியருக்கு எழுதிய 'முதலாம்' நிருபம் முதலாவது கடிதமும் இல்லை. 5:9இல் பவுல் தாமே, முன்பு ஒரு கடிதம் எழுதியதாகச் சொல்கிறார். இரண்டாம் நிருபத்தில் மிகுந்த கண்ணீரோடு எழுதிய மற்றொரு கடிதத்தைக் குறிப்பிடுகிறார். முதலில் எழுதியது நம்மிடம் இல்லை. கண்ணீரோடு எழுதியதும் தொலைந்துவிட்டதாகவே பலர் கருதுகிறார்கள். கொரிந்தார் பவுலுக்கு எழுதியதும் இல்லை. தொலைபேசியில் ஒருவர் பேசுவதைப் பக்கத்தில் இருந்து கேட்கிறோம். மறுமுனையில் இருப்பவர் சொன்னது நம் காதில் விழவில்லை. இதை மறந்தால் பெரிய விபரீதம் வரும்.

1 கொரிந்தியர் 7:1ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 'நீங்கள் எனக்கு எழுதின காரியங்களைக்குறித்து' என்று தொடங்கி, உடனே 'ஸ்திரீயைத் தொடாமலிருக்கிறது மனுஷனுக்கு நல்லது' என்று வருகிறது. இது பவுலின் போதனை என்றே நூற்றாண்டுகளாகப் பலர் வாசித்தார்கள். திருமணத்தைத் தாழ்த்திப் பேச அதுவே ஆதாரமாகவும் இருந்தது. கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் மேற்கோள் குறி கிடையாது. இந்த வாக்கியம் கொரிந்தார் எழுதியதைப் பவுல் திருப்பிச் சொல்வது என்றே இன்று ஆய்வாளர்களில் பெரும்பகுதியினர் கருதுகிறார்கள். அடுத்த வசனங்களில் அவர் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் விலக வேண்டாம் என்று மறுமொழி சொல்வதைப் பார்த்தால் அதுதான் பொருந்துகிறது. 6:12இல் வரும் 'எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு' என்பதும் அவர்கள் வாயில் புழங்கிய முழக்கம்தான். ஒரு மேற்கோள் குறி இல்லாததால் கேள்வியே பதிலாகிவிட்டது.

விக்கிரகங்களுக்குப் படைத்த இறைச்சி விவகாரம் நமக்கு மிக அருகில் இருப்பது. பக்கத்து வீட்டிலிருந்து பிரசாதம் வருகிறது, வாங்கலாமா கூடாதா என்று நம் வீடுகளில் இன்றும் கேட்கிறார்கள். கேட்டதும் ஆளுக்கொரு வசனத்தை எடுத்து வீசுகிறார்கள். 'கடையில் விற்கப்படுகிற எதையும் வாங்கிப் புசியுங்கள்' என்பார் ஒருவர். 'பேய்களுடைய போஜனபந்தி' என்பார் மற்றவர். இரண்டும் 1 கொரிந்தியரின் ஒரே அதிகாரத்தில், பத்தாவதில் இருக்கின்றன! கொரிந்து நகரத்தைப் பார்த்தால் முடிச்சு அவிழும். அங்கே கோயில் வளாகங்களில் விருந்து அறைகள் இருந்தன. மருத்துவக் கடவுளான அஸ்கிலேபியுஸின் கோயிலில் தோண்டியெடுத்த அறைகளை இன்றும் பார்க்கலாம். பலியிட்ட விலங்கின் இறைச்சியில் ஒரு பகுதி சந்தைக்கும் போகும். நண்பர் வீட்டு விருந்திலும் அது இருக்கலாம். பவுல் மூன்று இடங்களையும் தனித்தனியாகப் பேசுகிறார். கோயில் பந்தியில் உட்கார வேண்டாம். சந்தையில் வாங்கும்போது விசாரிக்க வேண்டாம். வீட்டுக்கு அழைத்தால் போய், வைத்ததைச் சாப்பிடு. ஒருவர் 'இது படைத்தது' என்று சொன்னால் மட்டும், அவர் மனச்சாட்சிக்காக விட்டுவிடு. 8ஆம் அதிகாரத்திலிருந்து 11:1 வரை ஒரே மூச்சில் வாசித்தால்தான் இது பிடிபடும்.

11:1 என்று ஏன் சொல்கிறேன்? 'நான் கிறிஸ்துவைப் பின்பற்றுகிறதுபோல' என்ற அந்த வாக்கியம் பத்தாம் அதிகாரத்தின் முடிவு. அதிகாரக் கோடு தவறான இடத்தில் விழுந்ததால் அது முக்காட்டைப் பற்றிய பகுதியின் தலையில் போய் ஒட்டிக்கொண்டது. அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. வசன எண்களைக் கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர் 1551இல் போட்டார். பவுல் போட்ட கோடுகள் இல்லை அவை. எண்ணைப் பார்த்து நின்றுவிடாமல் தாண்டிப் போய்ப் பழகுங்கள்.

வசனத்தைப் பிய்த்தெடுக்கும் பழக்கத்தில் எனக்கு அதிகம் வலிப்பது பிலிப்பியர் 4:13. 'என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு.' புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில், வாகனத்தின் பின்கண்ணாடியில், தேர்வுக்குப் போகும் பிள்ளையின் பையில் எல்லாம் பார்க்கலாம். அந்தப் பிள்ளையின் நம்பிக்கையைப் பறிக்க நான் விரும்பவில்லை. ஆனால் ஒரு வசனம் முன்னால் போய்ப் பாருங்கள்: 'தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்.' எழுதுகிறவர் சிறையில் இருக்கிறார். ரோமச் சிறையில் கைதிக்கு வேண்டியதை வெளியே இருக்கும் உறவும் நட்பும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பிலிப்பியார் எப்பாப்பிரோதீத்து கையில் உதவி அனுப்பியிருக்கிறார்கள். வந்தவரோ மரணத்துக்கு அருகில் போகும் அளவு நோயுற்றார். இது அந்த உதவி கிடைத்ததற்கு நன்றி சொல்லும் கடிதம். பட்டினியையும் தாங்குவேன் என்கிற மனிதரின் வார்த்தையை வெற்றி முழக்கமாக மட்டும் எடுத்துக்கொண்டால், அவர் நமக்குத் தரவந்த பெரிய ஆறுதலை இழக்கிறோம்.

அதே கடிதத்தில் 'நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது' என்று வரும். குடியிருப்பு என்றதும் வீடு நினைவுக்கு வருகிறது. கிரேக்கச் சொல் குடியுரிமையை, குடிமக்கள் சமூகத்தைக் குறிப்பது. பிலிப்பி ரோமக் குடியேற்ற நகரம், கி.மு. 42இல் அங்கே நடந்த போருக்குப் பிறகு ஓய்வுபெற்ற படைவீரர்களைக் குடியமர்த்திய ஊர். ரோமக் குடியுரிமை என்பது அங்கே தெருவில் தலைநிமிர்ந்து நடக்க வைக்கும் விஷயம். அந்த ஊருக்குத்தான் இந்த வரி.

மொழியில் நமக்கு ஒரு வசதி உண்டு. 'நீங்கள் தேவனுடைய ஆலயமாயிருக்கிறீர்கள்' என்று 1 கொரிந்தியர் 3:16இல் வருவது பன்மை. கட்சி கட்டி நின்ற சபையைச் சேர்த்துப் பிடித்துச் சொன்னது. தமிழில் அது தெளிவாகவே நிற்கிறது. ஆனால் இன்றைய பேச்சில் 'நீங்கள்' மரியாதைச் சொல்லும் ஆகிவிட்டதால், தனியாக உட்கார்ந்து வாசிக்கிறவர் 'என்னைத்தான் சொல்கிறார்' என்று எடுத்துக்கொள்கிறார். பழைய மொழிபெயர்ப்பு ஒருவரை நீ, நீர் என்றும் பலரை நீங்கள் என்றும் பிரித்தே எழுதுகிறது. இதை மனதில் வைத்து ஒரு கடிதத்தை மறுபடி வாசித்தால் வேறு கடிதம் போலவே இருக்கும்.

சில தவறுகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சவுல் மனம் மாறியதும் பவுல் ஆனார் என்பது பிரசங்கத்தில் கேட்பது; அப்போஸ்தலர் 13:9 இரண்டையும் ஒரே காலத்தில் இருந்த பெயர்களாகவே சொல்கிறது. எபிரெயர் நிருபத்தில் எழுதியவர் பெயரே இல்லை. எழுதியது யார் என்று தேவனுக்கே தெரியும் என மூன்றாம் நூற்றாண்டிலேயே திருச்சபை அறிஞர் ஒரிகேன் சொல்லிவிட்டார். பவுலின் பெயரில் உள்ள 13இல் 7ஐ அவர் எழுதியது என்று ஏறக்குறைய எல்லா ஆய்வாளரும் ஏற்கிறார்கள். தீமோத்தேயு, தீத்து முதலியவற்றில் கருத்து வேறுபாடு உண்டு. இதைக் கேட்டதும் கோபப்படவும் வேண்டாம், அவற்றைத் தூக்கி எறியவும் வேண்டாம்.

பவுல் யூத மதத்தை விட்டு வெளியேறி யூதருக்கு எதிராக எழுதினார் என்பதை மட்டும் சுருக்கமாகக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. 'நானும் இஸ்ரவேலன்' என்று ரோமர் 11இல் எழுதுகிறவர் அவர். கலாத்தியரில் அவர் கொதிப்பது யூதரல்லாத புறஜாதியாரை விருத்தசேதனம் செய்யக் கட்டாயப்படுத்தியதற்காக. ஒரே குடும்பத்துக்குள் நடந்த வாக்குவாதம் அது. பிற்காலத்தில் அதைக் குடும்பத்துக்கு வெளியே இருந்தவர்கள் எடுத்து யூதர்களின்மேல் வீசினார்கள். அதற்கு யூதர்கள் கொடுத்த விலை மிகப் பெரிது.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது பிலேமோன். 25 வசனங்கள், சத்தமாக வாசித்தால் மூன்று நான்கு நிமிடம். மௌனமாக வாசிக்காதீர்கள், அந்தக் காலத்தில் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினார்கள். பெயரைப் பார்த்துத் தனிக்கடிதம் என்று நினைப்போம். ஆனால் அப்பியாளுக்கும் அர்க்கிப்புக்கும் 'உம்முடைய வீட்டிலே கூடிவருகிற சபைக்கும்' சேர்த்தே எழுதியிருக்கிறார். பவுல் திருப்பி அனுப்புகிற, பிலேமோனின் அடிமையான ஒநேசிமுவின் பெயருக்குப் பயனுள்ளவன் என்று பொருள். 11ஆம் வசனத்தில் 'பிரயோஜனமில்லாதவன்', 'பிரயோஜனமுள்ளவன்' என்று பவுல் அந்தப் பெயரை வைத்தே பேசுகிறார். அவன் பட்ட கடன் இருந்தால் என் கணக்கில் வை என்று தம் கையெழுத்திலேயே எழுதித் தருகிறார். இதையெல்லாம் எஜமான் சபை முன்னால் கேட்க வேண்டும். திருப்பி அனுப்பப்பட்ட ஒநேசிமு அந்தக் கூட்டத்தில் எங்கே நின்றிருப்பான் என்று நினைத்துக்கொண்டு, ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள்.